உடுத்தும் மனநிலை: ஆடை நம்மை என்ன செய்கிறது?

எல்லோரிடமும் இருந்தது ஒரே மாதிரி வெள்ளை கோட்தான். ஒரு குழுவுக்கு அதை அணிவித்து, ‘இது டாக்டர் கோட்’ என்றார்கள். இன்னொரு குழுவுக்கு அதே கோட்டை மாட்டிவிட்டு, ‘இது பெயின்டர் போடும் கோட்’ என்றார்கள். பிறகு இரண்டு படங்களைக் கையில் கொடுத்து, நம் வார இதழ்களில் வரும் ‘ஆறு வித்தியாசங்கள்’ பகுதியைப் போல வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். டாக்டர் கோட் என்று நம்பிப் போட்டுக்கொண்டவர்கள்தான் அதிக வித்தியாசங்களைக் கண்டுபிடித்தார்கள். மூன்றாவது குழு டாக்டர் கோட்டைப் பார்க்க மட்டும் செய்தது, அணியவில்லை. அவர்களும் பின்தங்கிப்போனார்கள்.

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாஜோ ஆடம், ஆடம் கேலின்ஸ்கி இருவரும் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இது. ‘என்க்ளோத்டு காக்னிஷன்’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஓர் உடை நம் சிந்தனையைத் தொட வேண்டுமென்றால் இரண்டு விஷயங்கள் சேர வேண்டும் என்பது அவர்கள் முடிவு. ஒன்று, அந்த உடைக்கு ஓர் அர்த்தம் இருக்க வேண்டும். இரண்டு, அதை நம் உடம்பில் உடுத்தியிருக்க வேண்டும்.

இந்த ஆய்வைச் சிலர் சும்மா விடவில்லை. அதன் முதல் சோதனையை, கூடுதல் ஆட்களை வைத்து வேறு ஆய்வாளர்கள் திரும்பச் செய்து பார்த்தபோது அதே முடிவு வரவில்லை என்று 2019-ல் அறிவித்தார்கள். பிறகு, இந்தத் துறையில் நடந்த 40 ஆய்வுகளைத் திரட்டி அலசிய ஒரு கட்டுரை 2023-ல் வந்தது. மூல ஆய்வாளர்களும் பங்கேற்ற அந்த அலசல், உடையின் தாக்கம் உண்மைதான், குறிப்பாக 2015-க்குப் பிறகு கவனமாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் அது உறுதியாகத் தெரிகிறது என்றது.

ஆக, துணிக்கு மந்திரசக்தி எதுவும் கிடையாது. நாம் அதன் மேல் ஏற்றி வைத்திருக்கும் அர்த்தம்தான் வேலை செய்கிறது. அந்த அர்த்தத்தை ஏற்றுவது உடுத்துகிறவரா, ஊர் உலகமா? உடை நம்மை நிமிர்த்துமா, குறுக்குமா என்பது இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

கறுப்பு ஒன்று, மனசு மூன்று

ஆய்வுக்கூடம் வரை போகவே வேண்டாம். கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் எந்த ஐயப்பன் கோயிலுக்குப் போனாலும் உடை ஆளை மாற்றுவதைப் பார்க்கலாம். குளித்த ஈரம் காயாத தலை, இடுப்பில் புதுக் கறுப்பு வேட்டி, கழுத்தில் குருசாமி போட்டுவிட்ட துளசி மணி மாலை. அந்த நிமிடத்திலிருந்து மாலை போட்டவர் வேறு ஆள். நேற்று வரை ‘டேய் மாப்ள’ என்று கூப்பிட்ட நண்பன் ‘வாங்க சாமி’ என்கிறான். டீக்கடைக்காரர் ‘சாமிக்குப் பாலா, டீயா?’ என்று கேட்கிறார். பெற்ற தாயே ‘சாப்பிடுங்க சாமி’ என்று இலை போடுகிறார். செருப்பில்லாமல் நடக்கிறார், தரையில் படுக்கிறார், டாஸ்மாக் பக்கம் கால் போகவில்லை. கோபத்தில் வாய்க்கு வரும் வசவு பாதியிலேயே நின்றுவிடுகிறது.

நம்பிக்கை, விரதம், சுற்றியிருப்பவர்களின் மரியாதை எல்லாமே இதில் சேர்ந்திருக்கின்றன. அத்தனையையும் கட்டிப்போட்டு நாள் முழுக்க நினைவூட்டிக்கொண்டே இருப்பது இடுப்பில் இருக்கும் அந்தக் கறுப்பு வேட்டிதான். மாலையைக் கழற்றிய சில நாட்களில் பழைய பழக்கங்களுக்குத் திரும்பிவிடுகிறவர்களும் உண்டு. அந்த உடையின் பிடி எவ்வளவு வலுவாக இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி. மேல்மருவத்தூருக்குச் செவ்வாடை உடுத்திக் கிளம்பும் பெண்களின் நடையிலும் பேச்சிலும் இதே மாற்றத்தைக் காணலாம்.

இதே கறுப்புக்கு நேர் எதிரான இன்னொரு வரலாறும் இந்த மண்ணில் உண்டு. பெரியார் 1945-ல் கருஞ்சட்டைப் படையைத் தொடங்கினார். 1946-ல் மதுரையில் கருஞ்சட்டை மாநாடு நடந்தபோது பந்தலுக்கே தீ வைத்தார்கள். பிறப்பால் சுமத்தப்பட்ட இழிவின் அடையாளம் அந்தக் கறுப்பு. அதை அணிந்தவர்கள் கலவரத்துக்கு நடுவிலும் சட்டையைக் கழற்றாமல் நின்றார்கள். நீதிமன்ற வளாகத்தில் கறுப்பு அங்கி மாட்டும் இளம் வழக்கறிஞருக்கு அந்த நிறம் மூன்றாவது ஓர் அர்த்தத்தைக் கொடுக்கிறது. பக்தி, சுயமரியாதை, வாதத்திறமை என மூன்று மனநிலைகளுக்கும் ஒரே நிறம்! ‘சிவப்பு போட்டால் துணிச்சல், நீலம் போட்டால் அமைதி’ என்று வரும் ரெடிமேட் பட்டியல்களை நம்ப வேண்டாம் என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் தேவையில்லை.

சீருடையும் ‘கலர் டிரஸ்’ஸும்

உடை நம் கையைத் தடுக்கவும் செய்யும், தூண்டிவிடவும் செய்யும். ஜான்சன், டௌனிங் என்ற இரு ஆய்வாளர்கள் 1979-ல் அமெரிக்காவில் இதைச் சோதித்தார்கள். கல்லூரிப் பெண்களில் சிலருக்கு கூ க்ளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பலின் அங்கியை ஒத்த உடை, சிலருக்கு நர்ஸ் உடை. முன்பின் தெரியாத ஒருவர் தவறாகப் பதில் சொன்னால், அவருக்குக் கொடுக்கும் மின்அதிர்ச்சியைக் கூட்டலாம், குறைக்கலாம். உண்மையில் மின்சாரம் எதுவும் பாயவில்லை, அது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. அங்கி அணிந்தவர்கள் அதிர்ச்சியைக் கூட்டும் பக்கம் சாய்ந்தார்கள். நர்ஸ் உடையில் இருந்தவர்கள் குறைத்தார்கள். தங்களை யாரென்று யாருக்கும் தெரியாது என்ற நிலையில், நர்ஸ் உடைக்காரர்கள் இன்னும் அதிகமாகக் குறைத்தார்கள். முகம் மறைந்த இடத்தில் உடைதான் அவர்களுக்கு மனசாட்சியாக இருந்திருக்கிறது.

நம் ஊரில் உடையின் சக்தியை மிகச் சிறிய வயதிலேயே உணர்கிறவர்கள் பள்ளிக் குழந்தைகள். சத்துணவு சாப்பிடும் மாணவர்களுக்கு எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு நான்கு செட் சீருடையை இலவசமாகத் தருகிறது தமிழக அரசு. பண்ணையார் வீட்டுப் பிள்ளையும் பண்ணையாள் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் ஒரே நிறத்தில் உட்கார முடிந்ததற்குச் சீருடை ஒரு முக்கியக் காரணம். ‘நான் இவனுக்குக் குறைந்தவன் இல்லை’ என்ற எண்ணத்தை அது வார்த்தையில்லாமல் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் பிறந்தநாள் வந்தால் ‘கலர் டிரஸ்’. பளபளக்கும் புது கவுனும் கையில் சாக்லேட் டப்பாவுமாக ஒரு சிறுமி ஒவ்வொரு வகுப்பாக ஏறி இறங்கும்போது அவள் முதுகு எப்படி நிமிர்ந்திருக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மற்ற நாட்களில் டீச்சர் கேட்டால் தலையைக் குனிகிற பிள்ளை, அன்றைக்கு ஹெட்மாஸ்டர் அறைக்கே தைரியமாகப் போகும். அதே வகுப்பில், புதுத் துணி எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளை தன் பிறந்தநாளையே யாருக்கும் சொல்லாமல் சீருடையில் மறைந்துகொள்ளும். அந்தப் பிள்ளையையும் நினைத்துப்பார்க்கிற ஆசிரியர்கள், பிறந்தநாளுக்கும் சீருடையே போதும், வாழ்த்துப் பாட்டு எல்லோருக்கும் உண்டு என்று வைத்துவிடலாம். செலவில்லாத சீர்திருத்தம் இது.

உடையை வைத்து ஆளை எடை போடலாமா?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்று சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். உடையை வைத்து ஒருவருடைய குணத்தைச் சொல்லிவிட முடியுமா?

கேன்சஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இதைச் செருப்பை வைத்துச் சோதித்தார்கள். 208 பேர் வழக்கமாக அணியும் காலணிகளின் படங்களை 63 மாணவர்களிடம் காட்டி, ‘இவர் எப்படிப்பட்டவர், சொல்லுங்கள்’ என்றார்கள். வயது, ஆணா பெண்ணா, வருமானம் ஆகியவற்றை மாணவர்கள் ஓரளவு சரியாகச் சொன்னார்கள். உறவுகளில் ஒருவருக்கு இருக்கும் பதற்றத்தைக்கூடக் கொஞ்சம் கணித்தார்கள். மற்றபடி குணத்தைப் பற்றிய கணிப்புகளில் பெரும்பாலானவை பொருந்தவில்லை.

உடை நம்முடைய வசதியை, வயதை, வாழ்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கும். குணத்தைக் காட்டுவது அபூர்வம். ஆனால் பார்க்கிறவர்கள் வசதியைப் பார்த்துவிட்டு, அதைக் குணமாக எழுதிக்கொள்கிறார்கள். வங்கிக்குள் லுங்கியில் வரும் விவசாயியிடம் ஒரு குரல், இன் பண்ணிய சட்டையில் வருகிறவரிடம் இன்னொரு குரல். இருவரும் கேட்பது ஒரே நகைக்கடன்தான். ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன், நகைக்கடை எங்கும் இது நடக்கிறது. கவுன்டருக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும், முன்னால் நிற்பவரின் சட்டையைப் பார்த்துத் தன் குரல் மாறுகிறதா என்று ஒரு நாள் கவனித்துப்பார்க்க வேண்டும்.

நைட்டியும் நல்ல சேலையும்

உடைக்கும் மனநிலைக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. பிரிட்டனின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழக உளவியல் பேராசிரியர் கேரன் பைன் 100 பெண்களிடம் கேட்டார். மனம் சோர்ந்திருக்கும்போது ஜீன்ஸை எடுத்து மாட்டிக்கொள்வோம் என்றவர்கள் பாதிக்கு மேல். சந்தோஷமாக இருக்கும்போது அதைத் தேர்ந்தெடுப்பவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். தொளதொள மேலாடைகளிலும் இதே கதை. தனக்கு மிகப் பிடித்த உடையைச் சோர்வான நாளில் எடுப்பவர்கள் மிகக் குறைவு.

நம் வீடுகளில் அந்த இடத்தில் இருப்பது நைட்டி. அதைக் குறை சொல்வது நியாயமில்லை. காலை ஐந்து மணிக்கு எழுந்து, மே மாத வெயிலில் அடுப்படியில் நின்று, நான்கு டிபன் பாக்ஸ் கட்டும் பெண்ணுக்கு நைட்டி ஒரு விடுதலை. காற்று புகும், காலைத் தடுக்காது, பார்டர் மடிப்பு என்று கவலையில்லை. அடுத்த தெருக் கடைக்குப் போகும்போது தோளில் ஒரு துண்டைப் போட்டால் போதும்.

பிரச்னை வேறு இடத்தில் இருக்கிறது. எல்லோரும் கிளம்பிப் போன பிறகும், மதியம் ஆன பிறகும், குளிக்கவும் மாற்றவும் மனசில்லாமல் நேற்றைய நைட்டியிலேயே நாள் கழிகிறதென்றால், வாரக்கணக்கில் அப்படியே போகிறதென்றால், அதைச் சோம்பேறித்தனம் என்று வீட்டார் திட்டக் கூடாது. தன்னைப் பேணுவதில் ஆர்வம் குறைவது மனச்சோர்வின் அறிகுறியாகவும் இருக்கலாம். ஷேவ் செய்யாமல், அதே லுங்கியில் சுருண்டு கிடக்கும் ஆண்களுக்கும் இது பொருந்தும். மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் அது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ இருபத்து நான்கு மணி நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

லேசான சோர்வு என்றால் உடை கைகொடுக்கலாம். மனசு சரியான பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னச் சின்னச் செயல்களை முதலில் செய்யவைத்து, அதன் வழியாக மனசை மேலே கொண்டுவருவது உளவியல் சிகிச்சையில் ஒரு முறை. குளித்து, துவைத்து மடித்த நல்ல உடை ஒன்றை உடுத்துவது அப்படிப்பட்ட முதல் செயலாக இருக்கலாம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதில் சுத்தத்தோடு மனநலமும் இருக்கிறது.

கவனத்தைத் தின்னும் உடை

சில உடைகள் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவும் செய்கின்றன. பார்பரா ஃபிரெட்ரிக்சன் குழுவினர் 1998-ல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்களைத் தனியறையில் கண்ணாடி முன் நிற்கவைத்தார்கள். சிலருக்கு நீச்சலுடை, சிலருக்கு ஸ்வெட்டர். அதே உடையில் கணக்குத் தேர்வு. அறையில் வேறு யாரும் இல்லை. அப்படியும் நீச்சலுடையில் இருந்த பெண்கள், ஸ்வெட்டரில் இருந்த பெண்களைவிடக் குறைவாக மதிப்பெண் எடுத்தார்கள். ஆண்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. தன் உடம்பு மற்றவர் கண்ணுக்கு எப்படித் தெரிகிறது என்பதிலேயே பெண்ணின் கவனத்தில் ஒரு பகுதி போய்விடுகிறது, மிச்சக் கவனத்தில்தான் அவள் கணக்குப் போட வேண்டியிருக்கிறது என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

இந்த இழப்பு குட்டை உடையில்தான் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். உடுத்துபவர் தன்னை ஓயாமல் கண்காணிக்க வேண்டியிருக்கும் எந்த உடையும் இதைச் செய்யும். துப்பட்டா சரிகிறதா, சேலையில் பின் குத்தியது நிற்கிறதா, குனிந்தால் கழுத்து தெரிகிறதா என்று ஒரு நாளில் எத்தனை முறை நம் பெண்பிள்ளைகளின் கை தானாகத் தோளுக்குப் போகிறது! பாடத்துக்கும் வேலைக்கும் போக வேண்டிய கவனம் அது. 2022-ல் கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் நீட் தேர்வு எழுத வந்த மாணவிகளின் உள்ளாடையைக் கழற்றவைத்ததாகப் புகார் எழுந்து, சிலர் கைதும் செய்யப்பட்டார்கள். வருடக்கணக்கில் படித்த படிப்பைச் சில மணி நேரத்தில் எழுதிக்காட்ட வேண்டிய பிள்ளையை அந்த நிலையில் உட்காரவைப்பது, கண்ணியத்தோடு மதிப்பெண்ணையும் சேர்த்துப் பறிப்பது.

பையன்களுக்கும் வருவோம். ஜெர்மனியின் கீல் நகர ஆய்வாளர்கள் 2018-ல் 30 இளைஞர்களை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். கழுத்தை லேசாக இறுக்கும்படி டை கட்டியவர்களுக்கு மூளைக்குப் போகும் ரத்த ஓட்டம் சராசரியாக 7.5 சதவிகிதம் குறைந்தது. ஆரோக்கியமானவர்களுக்கு இது ஆபத்து இல்லை. ஆனால், சென்னை வெயிலில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு டையும் பெல்ட்டும் ஷூவும் எதற்கு என்று பள்ளிக்கூடங்களைக் கேட்க இது போதுமான காரணம்.

யார் முடிவு செய்வது?

உடையின் சக்தியை நன்றாகத் தெரிந்துவைத்திருந்தவர்கள் சாதி ஆதிக்கக்காரர்கள். அதனால்தான் அடக்கி வைக்க நினைத்தவர்களின் உடையில் முதலில் கை வைத்தார்கள். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அடங்கிய தென்திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1859 ஜூலை 26-ல் மன்னரின் அறிவிப்பு வந்தபோதும், உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. மார்பை மறைக்கும் துணிகூட ‘நானும் உனக்குச் சமம்’ என்று சொல்லிவிடக் கூடாதாம்.

காந்தி மதுரை மேலமாசி வீதி வீட்டில் 1921 செப்டம்பர் 22-ல் சட்டையைத் துறந்து அரைவேட்டிக்கு மாறினார். அந்நியத் துணியை விட்டுவிட்டுக் கதர் வாங்கக் காசில்லாத ஏழைகளோடு நிற்பதற்கு அவர் கண்ட வழி அது. 1931-ல் பக்கிங்ஹாம் அரண்மனைக்கும் அதே கோலத்தில் போனார். அம்பேத்கர் நேர் எதிர் திசையில் நடந்தார். நல்ல உடையே மறுக்கப்பட்ட மக்களிலிருந்து வந்தவர், கோட்டு, சூட்டு, டையோடு நிமிர்ந்து நின்றார். ஊர்தோறும் இருக்கும் அவர் சிலைகளில் இன்றும் அந்த நீல கோட் பேசுகிறது. ஒருவர் களைந்தார், ஒருவர் அணிந்தார். இரண்டுமே அவரவர் தேர்ந்தெடுத்தவை. அதனால்தான் இரண்டுக்கும் அவ்வளவு பலம்.

சட்டமும் அவரவர் தேர்வை மதிக்கும் திசையில் நகர்ந்திருக்கிறது. வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதியை 2014-ல் சென்னையில் ஒரு கிளப் உள்ளே விட மறுத்தது. அடுத்த மாதமே தமிழக சட்டமன்றம் சட்டம் கொண்டுவந்தது. வேட்டி கட்டியவரை இப்படித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். அரசு ஊழியர்களுக்கு 2019-ல் வந்த உத்தரவு, பெண்கள் சேலையோ, துப்பட்டாவுடன் சல்வாரோ, சுடிதாரோ அணியலாம் என்றது. அதற்குப் பிறகும் ‘டீச்சர் என்றால் சேலைதான்’ என்று வாய்மொழி உத்தரவு போடும் தலைமையாசிரியர்கள் இருக்கிறார்கள். சேலையில் கம்பீரமாக உணரும் ஆசிரியைக்குச் சேலை. டூவீலரில் இருபது கிலோமீட்டர் வந்து பாடம் நடத்துபவருக்குச் சுடிதார்தான் வசதி என்றால் சுடிதார். எது நல்ல பாடம் நடத்தவைக்கும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நாளைக் காலைக்கு...

* பீரோவில் ‘நல்ல நாளுக்கு’ என்று தூங்கும் ஒரு சேலையை, சட்டையை இந்த வாரமே ஒரு சாதாரண நாளில் உடுத்துங்கள். விசேஷம் வந்துதான் நீங்கள் நன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை.

* இன்டர்வியூவுக்கும் தேர்வுக்கும் அன்றைக்குத்தான் பிரித்த புது உடை வேண்டாம். இரண்டு மூன்று முறை போட்டுப் பழகிய, எங்கும் உறுத்தாத உடைதான் உங்கள் கவனத்தை உங்களிடமே விட்டுவைக்கும். முதல் நாள் இரவே அயர்ன் செய்து மாட்டிவிடுங்கள்.

* இளைத்த பிறகு போடலாம் என்று வைத்திருக்கும் இறுக்கமான உடை, பீரோவைத் திறக்கும்போதெல்லாம் உங்களைக் குற்றம் சொல்லும். பொருந்துகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டு, இன்றைய உடம்புக்குத் தைத்துக்கொள்ளுங்கள்.

* வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் வேலை தொடங்கும்போது ஓர் உடை, முடிந்ததும் ஓர் உடை என்று மாற்றிப்பாருங்கள். வேலையை நிறுத்த வேண்டிய நேரம் மனசுக்கும் தெரியும்.

* தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, ‘உனக்கு இந்தக் கலர் எடுக்காது’ என்ற வார்த்தையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். கறுப்பாக இருக்கும் பெண்ணுக்கு மஞ்சளும் சிவப்பும் கூடாது என்று சொல்லிச் சொல்லியே, தன் நிறத்தை வெறுக்க எத்தனை குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்! பட்ஜெட்டைச் சொல்லுங்கள், நிறத்தைப் பிள்ளை சொல்லட்டும்.

உடை மனசை மாற்றும் என்பது நிரூபணமாகி வருகிறது. அதற்காக விலை உயர்ந்த உடை வாங்க வேண்டியதில்லை. உடுத்துகிறவருக்கு அது வசதியாக இருக்க வேண்டும், அவரே விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும். பெற்றோர்களே, ஆசிரியர்களே, மேலதிகாரிகளே... அடுத்த முறை யாருடைய உடையைப் பற்றியாவது ஒரு வார்த்தை சொல்ல வாயெடுக்கும் முன், ‘அதில் வசதியா இருக்கா?’ என்று மட்டும் கேளுங்கள். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால், மேற்கொண்டு சொல்ல உங்களுக்கு எதுவுமில்லை.